சாவி சட்டைப்பையில் இருக்கட்டும்

பொள்ளாச்சிப் பக்கம் 3 ஏக்கர் தென்னந்தோப்பு. மழை முடிந்தால் புல் முழங்கால் உயரம் நிற்கும். போன வருஷம் வரை அப்பாவும் மகனும் ரோட்டவேட்டர்தான் விட்டார்கள். தோப்பு பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால், தென்னையின் வேர்கள் பக்கவாட்டில் படர்பவை; ஒவ்வொரு ஓட்டத்திலும் மேலாக உள்ள வேர்களும் சேர்ந்து அறுபட்டன. கோடையில் வெறும் மண் காய்ந்து கிடந்தது.

இந்த வருஷம் மகன் பிடிவாதமாக ஸ்லாஷர் வாங்கினார். மினி டிராக்டரின் பின்னால் மாட்டும், 4 அடி அகலப் புல்வெட்டும் கருவி. தரையிலிருந்து 3, 4 அங்குலம் விட்டு வெட்டினால் புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய புல் அங்கேயே விழுந்து மூடாக்காகும். மரத்துக்கு மரம் 25 அடி விட்ட தோப்பு என்பதால் வண்டி தாராளமாகத் திரும்பியது. நல்ல கருவிதான், சந்தேகமில்லை.

மூன்றாம் நாள் காலை, சுருட்டாமல் விட்ட சொட்டுநீர் பைப் ஒன்று கத்தியில் சுற்றிக்கொண்டது. மகன் பி.டி.ஓ. லீவரைத் தள்ளிவிட்டு இறங்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து கையை உள்ளே விடப்போனார்.

"கைய எடு கண்ணு! மொதல்ல சாவிய எடு."

"நியூட்ரல்லதானுங்கப்பா இருக்குது."

"சாவிய எடுன்னேன்!"

அப்பாவின் குரல் அப்படி உயர்ந்ததற்குக் காரணம், சாளைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பி. 20 வருஷத்துக்கு முன்னால், ஓடுகிற டிராக்டரின் பி.டி.ஓ. ஷாஃப்ட்டைத் தாண்டும்போது அவர் தோளில் கிடந்த துண்டின் நுனி சிக்கியது. ஷாஃப்ட்டை மூடியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை அதற்கு வெகுநாள் முன்பே உடைந்து, கழற்றி எறியப்பட்டிருந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று. துண்டை உதறிவிட நேரம் ஏது?

பனி கொட்டும் ஊர்களிலும் இதே கதைதான். ஜப்பானிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் இந்த மாதிரிச் சின்ன டிராக்டரில் கோடையில் புல் வெட்டுவார்கள். குளிர்காலத்தில் கருவியை மாற்றிப் பாதையில் கிடக்கும் பனியை வாரி வீசுவார்கள். ஈரப்பனி அடைத்துக்கொள்ளும். கையால் தோண்டினால், இறுகி நின்ற கத்தி சட்டென்று திரும்பி விரலைக் கொண்டுபோய்விடும். இன்ஜினை நிறுத்திய பிறகும் இது நடப்பதுண்டு. அதனால்தான் அடைப்பு எடுக்க அங்கே குச்சியைக் கையில் எடுக்கச் சொல்கிறார்கள். பைப் சுற்றிய ஸ்லாஷர் கத்தியும் அப்படித்தான் இறுகி நிற்கும்.

மகன் இன்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஹைட்ராலிக் இறங்கிவிடாமல் இருக்க ஸ்லாஷருக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகள் வைத்தார்கள். கத்தி அசையவில்லை என்று பார்த்துவிட்டு, கருவிக்கு வெளியே இருந்தபடியே நீள அரிவாளால் பைப்பை அறுத்து, குச்சியால் இழுத்தார்கள். கால் மணி நேரம் ஆனது. ஷாஃப்ட் உறையின் சங்கிலி கழன்றிருந்ததையும் அப்போதுதான் பார்த்தார்கள். வாடகை வண்டியாக இருந்தாலும், உறை இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தம்பி இடது கையில் டீத் தூக்கோடு வந்தார்.

"பைப்பா சிக்குச்சு?"

"ஆமாங் சித்தப்பா."

"பைப்பு போனாப் போச்சாதுடா."

டீ குடித்த பிறகு மூவருமாக மிச்சமிருந்த பைப்புகளையெல்லாம் சுருட்டி மரத்தடியில் வைத்தார்கள். வெயில் ஏறியபிறகுதான் அடுத்த வரிசையில் வண்டி இறங்கியது.