குழந்தைகளோடு உரோமைக்கு

பங்குத்தந்தையைத் தேடி மக்கள் எத்தனையோ அலுவல்களுக்காக வருவதுண்டு. ஓலை எழுத வருவர். வீடு மந்திரிக்க அழைப்பர். மருமகளோடு மனத்தாங்கல் என்றும் வருவர். வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டம் வகுத்துத் தாருங்கள் என்று ஒரு குடும்பம் என் அறை வாசலில் வந்து நின்றது 2023-ஆம் ஆண்டு தவக்காலத்தில்தான். 2022 மே 15 அன்று, மறைசாட்சி தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்ட விழாவுக்கு உரோமை சென்று திரும்பிய உறவினர் சொன்ன கதைகளைக் கேட்டது முதல், அவ்வீட்டு ஆச்சிக்கு அந்நகரைக் கண்ணால் கண்டுவிட வேண்டும் என்ற ஏக்கம் பிடித்துக்கொண்டது. மகன் வளைகுடா நாடொன்றில் பணி செய்கிறார். மருமகளும், ஏழு வயது பேத்தியும், மூன்று வயது பேரனும் ஆச்சியோடு இங்கே இருக்கின்றனர். "சாமி, நீங்க அங்கே படிச்சவங்க. கூட வந்தா எங்களுக்குத் தைரியம்" என்றார் ஆச்சி.

2000-ஆம் யூபிலி ஆண்டில் நான் அங்கே மாணவனாக இருந்தவன். எனவே மிகுந்த பெருமிதத்தோடு அன்றிரவே அமர்ந்து திட்டம் ஒன்றை எழுதினேன். முதல் நாள் காலையில் பேராலயங்கள் நான்கு, பிற்பகலில் கொலோசியம், இரண்டாம் நாள் வத்திக்கான் அருங்காட்சியகம், அதன்பின் சுரங்கக் கல்லறைகள், மூன்றாம் நாள் அசிசி. மறுநாள் மருமகளிடம் அதைக் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "சாமி, இதிலே பிள்ளைங்க எப்போ தூங்கும்?" என்று மட்டும் கேட்டார். அத்தாளைக் கிழித்தெறிந்தேன். குருமட மாணவன் கண்ட உரோமை வேறு. மூன்று வயதுக் குழந்தையின் காலடியில் விரியும் உரோமை வேறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புதிய திட்டத்தின் விதி ஒன்றே: நாளொன்றுக்கு ஓர் இடம். பிற்பகலில் உறக்கம். மாலையில் மனம்போல் நடை. எட்டு நாள் பயணத்தில் அசிசியை விட்டுவிட்டோம். ஆச்சிக்கு வருத்தந்தான், எனக்கும் வருத்தந்தான்.

திட்டத்திற்கு முன்னே தாள்கள். இதில் நாங்கள் சறுக்கிய இடத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களின் கடவுச்சீட்டு பத்தாண்டுகள் செல்லும், குழந்தைகளுடையதோ ஐந்தாண்டுகளே. மூத்தவளுக்கு இரண்டு வயதில், தந்தையிடம் கூட்டிச் செல்வதற்கென்று எடுத்த கடவுச்சீட்டு பெட்டியடியில் பத்திரமாக இருந்தது. "எல்லாருக்கும் இருக்கிறது சாமி" என்று வீட்டார் உறுதி கூறியிருந்தனர். ஏதோ ஐயத்தில் திறந்து பார்த்தேன். இன்னும் சில வாரங்களில் அது காலாவதியாகவிருந்தது! ஐரோப்பிய நாடுகளின் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் கடவுச்சீட்டு செல்லத்தக்கதாய் இருத்தல் வேண்டும். சிறுவர் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் பெற்றோர் இருவரின் ஒப்புதலும் தேவை. தந்தையோ கடல் கடந்து இருக்கிறார். கையொப்பமிட்ட தாள் அங்கிருந்து வந்து சேரும்வரை மருமகளுக்கு உறக்கமில்லை. அப்போது ஏப்ரல் மாதமாயிருந்தபடியால் தப்பினோம். ஆகஸ்டில் பார்த்திருந்தால் பயணமே நின்றிருக்கும்.

விசாவைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே கோரலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்னராவது கோரியாக வேண்டும். ஆனால் அந்தக் கடைசிப் பதினைந்து நாள் கணக்கை நம்பி இருப்பவர் துணிச்சற்காரர் என்பேன். எவர் எந்நாட்டில் வாழ்கிறாரோ அந்நாட்டிலேயே அவர் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே தந்தை வளைகுடாவிலும், மற்றவர் சென்னையிலுமாக ஒரே குடும்பம் இரண்டு வாசல்களில் நின்றது. பெற்றோரில் ஒருவரோடு மட்டும் குழந்தை விண்ணப்பிக்கும்போது மற்றவரின் சம்மதக் கடிதம் இன்றியமையாதது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கைரேகை எடுப்பதில்லை. ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமே இல்லை. ஆறு முதல் பன்னிரண்டுக்குள் 45 யூரோ. பெரியவர்க்கு 90 யூரோ. இது 2024 ஜூன் முதல் உள்ள கணக்கு. நாங்கள் சென்றபோது சற்றுக் குறைவு. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுசெய்யும் காப்பீடு ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, வேண்டும். 2025 அக்டோபர் முதல் ஐரோப்பிய எல்லையில் வருவோர் போவோரை முகப்படமும் கைரேகையுமாகப் பதியத் தொடங்கியுள்ளனர். சிறுவருக்கு முகப்படம் மட்டும். வரிசை நீளலாம், எனவே இறங்கியவுடன் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தின்பண்டம் ஏதேனும் கைப்பையில் இருக்கட்டும்.

தின்பண்டம் என்றதும் ஆச்சியின் பெட்டி நினைவுக்கு வருகிறது. இட்லிப்பொடி, புட்டுமாவு, ஊறுகாய், கருவாடு, ஒரு போத்தல் நெய் எனச் சிறு மளிகைக் கடையே அதில் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டு இறைச்சியும் பால்பொருள்களும் கொண்டு செல்லுதல் ஆகாது. குழந்தைகளின் பால்மாவுக்கு மட்டும் விலக்குண்டு. நெய்யும் பால்பொருளே. போத்தலை வெளியே எடுத்து வைத்தபோது ஆச்சி என்னை நோக்கிய நோக்கை நான் மறவேன். "கருவாட்டை விடுறாங்க, நெய்யை விடமாட்டாங்களா?" என்றார். உண்மை அதுதான், மீனுக்குத் தடையில்லை. ஆனால் வாடகை வீட்டில் அக்கருவாட்டை வறுத்தால் மாடிப்படி முழுவதும் மணக்கும் என்று நானே அஞ்சி, அதையும் எடுத்து வைக்கச் செய்தேன். இன்றளவும் அதற்காக அவர் என்னை மன்னித்ததாகத் தெரியவில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்டோம். வளைகுடாவில் விமானம் மாறுமிடத்தில் தந்தை வந்து சேர்ந்துகொண்டார். பதினான்கு மாதங்களுக்குப் பின் மகனைக் கையில் ஏந்தினார். இளையவனோ தந்தையை அடையாளம் காணாமல் என் அங்கியைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினான். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஆறு மணிநேரப் பயணத்தில் குழந்தையின் அருகே அமர்ந்து, அவன் தூங்கிய பின்னரே அவன் கையைப் பற்றிக்கொண்டார். விமானம் இறங்கும்போது காதடைப்பால் சிறுவர் வீறிடுவது வழக்கம். அந்நேரத்தில் விழுங்குவதற்கு ஏதாவது கொடுத்தால் வலி தணியும். பால் கொடுத்தது தந்தைதான். தரையிறங்கும் வேளையில் இருவருக்கும் உறவு நேராகிவிட்டது.

உரோமையில் நாங்கள் கண்ட முதல் இடர், நேரம். அக்டோபரில் நம் நாட்டு நேரம் அங்குள்ளதைவிட மூன்றரை மணி முந்தியது. ஆகவே வீட்டில் காலை ஆறரைக்கு எழும் பிள்ளைகள் அங்கே மூன்று மணிக்கு எழுந்து விளையாடத் தொடங்கினர். அங்குள்ள உணவகங்களிலோ இரவு ஏழரைக்கு முன் அடுப்பு மூட்டுவதில்லை. நம் கணக்கில் அது இரவு பதினொன்று! முதல் நாள் மேசையிலேயே இருவரும் உறங்கிவிட்டனர். மறுநாள் முதல் வீட்டிலேயே சமையல். அந்நாட்டு அரிசி குழைந்து ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது; சோற்றுக்கு ஆகாது, கஞ்சிக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. இளையவனுக்கு ஒருநாள் காய்ச்சல் கண்டபோது அக்கஞ்சியே கைகொடுத்தது. மருந்துக்கடைகளைப் பச்சைச் சிலுவை விளக்கால் தொலைவிலிருந்தே அறியலாம். நிலைமை முற்றினால் ஜனிக்குலம் குன்றின்மேல் பாம்பினோ ஜேசு என்னும் குழந்தை இயேசு மருத்துவமனை உண்டு, 1869-இல் தொடங்கப்பட்டது, பின்னர் திருப்பீடத்தின் உடைமையானது. அதன் முகவரியைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.

அந்த அதிகாலை விழிப்பே பின்னர் எங்களுக்கு நன்மையாயிற்று. புனித பேதுரு பேராலயம் காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. நம் முதியோர் இன்றும் இராயப்பர் கோயில் என்றே அதைச் சொல்வர். பகலில் பாதுகாப்புச் சோதனைக்கு வெயிலில் வளைந்து நிற்கும் வரிசை அவ்வேளையில் இல்லை. நுழைவுக்குக் கட்டணமும் இல்லை. ஆச்சி பேதுருவின் கல்லறை முன் முழந்தாட்படியிட்டிருக்க, நான் பிள்ளைகளை வெளியே சதுக்கத்துக்கு அழைத்து வந்தேன். பெர்னீனி அமைத்த தூண்வரிசையில் 284 தூண்கள் நான்கு நிரையாக நிற்கின்றன. தரையில் பதித்த வட்டக்கல் ஒன்றின்மேல் நின்று பார்த்தால் நான்கு நிரையும் ஒன்றாகி மறையும். ஓரடி விலகினால் காடு போல் விரியும். மூத்தவள் கல்லின்மேல் ஏறுவதும் இறங்குவதுமாக அரைமணி நேரம் கழித்தாள். பேராலயத்தின் உள்ளே அத்தனை சலவைக்கல் சிற்பங்களில் ஒன்றையும் அவள் இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை.

கூம்பு முகட்டுக்கு ஏற 551 படிகள். மின்தூக்கி பாதிவழி மட்டுமே செல்லும். மீதம் 320 படிகளும் குறுகி, சாய்ந்து, வளைந்து போகும். ஏழு வயதினள் எண்ணிக்கொண்டே ஏறினாள். மூன்று வயதுப் பிள்ளையோடு அதில் ஏறுவதை நான் எவருக்கும் பரிந்துரையேன். குழந்தை வண்டியையும் அப்படியே. உரோமைத் தெருக்களில் பாவிய கருங்கற்களுக்கு, பேதுருவின் பெயரால் 'சம்பியெத்ரீனி' என்று பெயர். அவை வண்டிச் சக்கரத்துக்குப் பரம வைரி. இரண்டாம் நாளே வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டோம். ஆச்சி தம் பழைய நூற்சேலையைத் தந்தையின் தோளில் தூளி போல் கட்டிவிட்டார். இத்தாலியப் பெண்கள் நின்று பார்த்துச் சென்றனர். பேருந்திலும் பாதாள இரயிலிலும் பத்து வயதுக்குட்பட்டோர் பெரியவருடன் இலவசமாகச் செல்லலாம் என்பது ஒரு வசதி.

அருங்காட்சியகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோவின் ஓவியத்தின்கீழ் இளையவன் வாய் திறந்து உறங்கினான். அங்கே பேசக்கூடாது என்பதால் எங்களுக்கு அது பேருதவி.

சுரங்கக் கல்லறைகளுக்கு ஐந்து வயதுக்குட்பட்டோரைக் கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. படிகள் செங்குத்தானவை, இருளும் குளிரும் உண்டு, நடுவில் திரும்பி வர இயலாது. எனவே ஆப்பியன் சாலையில் உள்ள புனித கலிஸ்து கல்லறைக்கு நாங்கள் சென்றபோது, தந்தை இளையவனோடு மேலே மரநிழலில் தங்கினார். மற்றவர் இறங்கினோம். மூன்றாம் நூற்றாண்டுத் திருத்தந்தையர் பலர் அடக்கம் செய்யப்பெற்ற அறையையும், புனித செசிலியா வைக்கப்பட்டிருந்த இடத்தையும் கண்டபின், சுவரெங்கும் அடுக்கடுக்காகத் தோண்டிய குழிகளின் நடுவே நடந்தோம். சில குழிகள் மிகச் சிறியவை. "இது யாருக்கு, சாமி?" என்றாள் மூத்தவள்.

"குழந்தைகளுக்கு" என்றேன். வேறு எவ்வாறு சொல்வது?

அவள் மேலும் கேட்கவில்லை. ஆனால் பின்னால் வந்த ஆச்சி அங்கேயே நின்றுவிட்டார். அவருடைய தலைப்பிள்ளை பதினோராம் மாதத்தில் பேதியில் இறந்தது. எங்கள் பங்குக் கல்லறையின் வடமேற்கு மூலையில் சிலுவை இல்லாத ஒரு மண்மேடு உண்டு. கல்லறைத் திருநாள்தோறும் அவர் அங்கே மெழுகுதிரி ஏற்றுவதை நான் கண்டிருக்கிறேன். சுவரைத் தொடலாகாது என்று வழிகாட்டி சொல்லியிருந்தமையால், ஆச்சி தொடாமல், குழியின் முன்னே காற்றில் கையை விரித்துச் சாண் போட்டு அளந்தார். இரண்டு சாணும் நான்கு விரற்கடையும். "இதே அளவுதான், சாமி" என்றார். வழிகாட்டி அழைத்தார்; குழு நகர்ந்தது. மருமகள் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அந்தப் பிள்ளையைப் பற்றி அதுவரை எவரும் சொல்லியிருக்கவில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

மேலே வெளிச்சத்துக்கு வந்ததும் மூத்தவள் தம்பியை நோக்கி ஓடிப்போய், காரணமின்றி அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். அன்று மாலை வேறெங்கும் போகவில்லை. மறுநாள் ஜனிக்குலம் குன்றில், நாள்தோறும் நண்பகலில் சுடும் பீரங்கியைக் காணச் சென்றோம். வேட்டொலி கேட்டு இளையவன் அழுதான். பிறகு, "இன்னொருக்க" என்றான். அதற்கு மறுநாள் நண்பகல்வரை காத்திருக்க வேண்டும் என்பதை அவனுக்கு விளக்க எவராலும் இயலவில்லை.

விமான நிலையத்தில் தந்தை மீண்டும் வேறு வாசலுக்குப் பிரிந்து போனார். இம்முறை இளையவன் அவர் கழுத்தை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதாயிற்று.

இங்கு வந்தபின் பிள்ளைகளிடம், "உரோமையில் எது பிடித்தது?" என்று பங்கு மக்கள் கேட்கின்றனர். மூத்தவள் படி எண்ணிக்கையைச் சொல்வாள். இளையவன் சொல்வதோ தண்ணீர்க் குழாய். அந்நகரத் தெருக்களில் 'நசோனி' என்னும் வார்ப்பிரும்புக் குழாய்கள் ஏறத்தாழ 2,500 உண்டு. நல்ல குடிநீர் இராப்பகலாய் ஓடும். நுனியை விரலால் அடைத்தால் மேலேயுள்ள சிறு துளைவழி நீர் பீறிட்டு எழும். அப்படியே வாய்வைத்துக் குடிக்கலாம். அவனுக்கு அதைக் கற்பித்தவர் தந்தை. திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது, நம் கோவில் முற்றத்துக் குழாயின் வாயை அவன் உள்ளங்கையால் அடைத்து, மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். சட்டை முழுவதும் நனைந்திருந்தது.