எடையும் இடமும்

கடையில் ஒரு பொருளை வாங்கும்போது அதன் எடை எவ்வளவு என்று கேட்கிறோம். அந்த எடை எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. வானில் பறக்கும் விமானத்திற்கோ இவ்விரண்டு வினாக்களும் உயிர் காக்கும் வினாக்கள். ஒரு பயணத்தின்போதுதான் இவ்வுண்மையை நான் நேரில் உணர்ந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், விடுமுறை முடிந்து கொல்கத்தாவிலிருந்து என் பணியிடமான ஷில்லாங்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏ.டி.ஆர். வகையைச் சேர்ந்த சிறிய விமானம் அது. எழுபதுக்கும் மேற்பட்ட இருக்கைகளுள் பாதிக்குமேல் காலியாக இருந்தன. புறப்படும் முன் பணிப்பெண் வந்து, முன்வரிசைகளில் இருந்த எங்களுள் சிலரைப் பின்வரிசைகளுக்கு மாறி அமருமாறு வேண்டினார். படைவீரரான தம் மகனைக் காணச் சென்றுகொண்டிருந்த திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் எழ மறுத்தார். "காசு கொடுத்து வாங்கிய இடம் அம்மா. பாஷை தெரியாதவன் என்றுதானே பின்னால் போகச் சொல்கிறார்கள்?" என்றார். அவர் குரலில் சினத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

பணிப்பெண்ணிடம் காரணத்தைக் கேட்டறிந்து, "ஐயா, இது அவமதிப்பு அன்று" என்று தமிழில் விளக்கினேன்.

விமானத்தைத் தாங்குபவை அதன் இறக்கைகள். விமானம், எரிபொருள், சரக்கு, பயணிகள் ஆகிய அனைத்தின் எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அப்புள்ளியை ஈர்ப்பு மையம் என்பர். வடிவமைத்தோர் வகுத்த எல்லைக்குள் அது இருத்தல் வேண்டும். எல்லை கடந்து முன்னே நகர்ந்தால் மூக்குப்பகுதி கனத்து, ஓடுபாதையிலிருந்து எழுவது கடினமாகும். எல்லை கடந்து பின்னே நகர்ந்தால் மூக்கு மேல்நோக்கி நிமிரும், வேகம் குறையும், இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும்.

பெரியவரின் முகம் மலர்ந்தது. "ஏற்றம் மிதித்தவனுக்கு இது தெரியாதா அம்மா? துலாமரத்தில் கிணற்றுப் பக்கம் நாலடி நடந்தால் சால் இறங்கும். பின்னால் நாலடி நடந்தால் சால் ஏறும். மிதிக்கிற ஆள் ஒருவன்தான், நிற்கிற இடந்தான் வேறு" என்று கூறியவாறே எழுந்து பின்வரிசைக்கு நடந்தார்.

மாணவர்களே, அவர் கூறியதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 மீட்டர் பின்னே நகர்கிறார் எனக் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 600. விமானத்தின் மொத்த எடை 20,000 கிலோ என்றால், 600-ஐ 20,000-ஆல் வகுக்க வேண்டும். விடை 0.03 மீட்டர், அதாவது ஈர்ப்பு மையம் 3 சென்டிமீட்டர் பின்னே நகரும். பத்துப்பேர் நகர்ந்தால் 30 சென்டிமீட்டர். விமானத்தின் எடை 2,00,000 கிலோ என்றால், ஒருவர் நகர்வதால் விளையும் மாற்றம் 3 மில்லிமீட்டர்தான். பறக்கும்போது ஒருவர் எழுந்து கழிப்பறைக்குச் சென்றால் அஞ்ச வேண்டியதில்லை. வாற்பகுதியிலுள்ள அசையும் தகடுகள் அச்சிறு மாற்றத்தைச் சரிசெய்துவிடும்.

பொதுவாகப் பயணிகளை நிறுத்துப் பார்ப்பதில்லை. ஆண், பெண், குழந்தை என வகுத்துச் சராசரி எடையைக் கணக்கில் கொள்கின்றனர். 2020 ஜூலையில் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குரிய மயோர்க்கா தீவுக்குச் சென்ற விமானமொன்றில், பெயருக்கு முன் 'மிஸ்' என்றிருந்த பெண்களைக் கணினி குழந்தைகளாகக் கருதிவிட்டது. 69 கிலோவுக்கு மாறாக 35 கிலோ என்று பதிவாயிற்று. மொத்தக் கணக்கில் 1,200 கிலோவுக்குமேல் குறைந்தது. நல்லவேளையாக அவ்விமானம் பழுதின்றிச் சென்று சேர்ந்தது.

எல்லாப் பயணங்களும் அவ்வாறு முடிவதில்லை. 2003 ஜனவரி 8 அன்று, அமெரிக்காவின் ஷார்லட் நகரில், 19 பயணிகளுடன் புறப்பட்ட சிறிய விமானம் ஒன்று மூக்கு நிமிர்ந்து, ஒரு நிமிடத்திற்குள் வீழ்ந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேரும் மாண்டனர். வாற்பகுதித் தகட்டை இயக்கும் கம்பிவடம் பராமரிப்பின்போது தவறாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதனுடன் மிகுந்த எடையும் வாற்பக்கம் சாய்ந்த பாரமும் சேர்ந்துகொண்டன. ஏட்டில் இருந்த சராசரி எடையைவிடப் பயணிகளின் உண்மை எடை மிகுதி என்பது பின்னரே தெளிவாயிற்று. அதன்பின் அந்நாட்டில் சராசரி எடைகளை உயர்த்தினர்.

ஆதலால், இருக்கை மாறுமாறு விமானப் பணியாளர் வேண்டினால் தயங்காது மாறுங்கள்; அவர் சொல்லாமல் நீங்களாக மாறி அமராதீர்கள். உங்களுடன் வரும் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அவர் பேசும் மொழி விளங்காதிருக்கலாம். அப்பொழுது காரணத்தை அவர்களுக்குத் தமிழில் எடுத்துரையுங்கள். இரு மொழியும் அறிந்த உங்களால்தான் அது இயலும்.