பெயர் சொல்லாத கிதார்

தமிழாசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின் என் செவிக்கு வாய்த்த புதிய இன்பம், பிரேசில் நாட்டுப் பழைய இசைத்தட்டுகள். ரியோ டி ஜனீரோ நகரில் உள்ள மொரெய்ரா சாலெஸ் நிறுவனத்தார் அவற்றைத் திரட்டி, உலகத்தார் கணினி வழியே கேட்குமாறு செய்துள்ளனர். என் பெயரன் ஒருநாள் அவற்றைக் காட்டினான்; அன்று பற்றிய பித்து இன்னும் தணிந்தபாடில்லை.

அந்நாட்டில் இசைத்தட்டுப் பதிவு 1902-ஆம் ஆண்டில் காசா எடிசன் என்னும் வணிக நிலையத்தாரால் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் ஒலிவாங்கி இல்லை. பாடகர் பெரியதொரு குழலின் வாயருகே நின்று பாடுவார். அவ்வொலியின் அதிர்வால் அசையும் ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும். மின்முறைப் பதிவு அங்கு வந்தது 1927-இல்தான். அதுவரை, மெல்லொலி படைத்த கிதார், சுவருக்கு அப்பால் பேசுவார் பேச்சுப்போல் மங்கியே பதிந்தது. தட்டின் தொடக்கத்தில் ஒருவர் பாட்டின் பெயரையும் பாடகர் பெயரையும் நிலையத்தின் பெயரையும் உரக்க அறிவிப்பார். கிதார் வாசித்தவர் பெயரை அவர் சொல்வதில்லை; தட்டின் நடுவே ஒட்டிய சீட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை.

அப்பெயரை எங்ஙனம் அறிவது? பாட்டின் அடிகளுக்கிடையே தாழ்ந்த தந்திகளில் இறங்கி ஓடும் ஒலிவரிசையே முதற் சான்று. அதனைப் பைஷாரியா என்பர். புலவர்க்கு நடை இருப்பதுபோல, ஒவ்வொருவர் விரலுக்கும் அதில் ஒரு நடை உண்டு. தந்தியின் எண்ணிக்கையும் துணை செய்யும். பொதுவாகக் கிதாருக்குத் தந்தி ஆறு. ஷோரோ என்னும் இசைவகையில், ஏழாவதாகத் தாழ்தந்தி ஒன்று பூட்டி வாசித்த முன்னோருள் தலையாயவர் டூட்டே. பிக்சிங்கினியா என்னும் பெரும் இசைவாணரின் தமையனார் ஷீனாவும் அதனை வாசித்தார். டூட்டே மறைந்தபின், 1950-களில், டீனோ என்பார் அக்கருவியைக் கைக்கொண்டு பெரும்புகழ் எய்தினார். ஆகவே, பழந்தட்டு ஒன்றில் ஏழாந்தந்தி ஒலிக்குமாயின், ஆராயத்தக்க பெயர்கள் மிகச் சிலவே.

ஓரிரவு அத்தகைய ஒலி ஒன்றைக் கேட்டேன். ஆறாந்தந்தியின் எல்லைக்குச் சற்றுக் கீழே அது இறங்கிற்று. "இவர் டூட்டேதான்!" என்று துள்ளி, குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன்.

பெயரன் மட்டும், "தாத்தா, பாடுகிறவர் குரல் ஏன் இப்படித் தடித்து இழுபடுகிறது?" என்றான்.

அவன் ஐயம் தக்கதே. அக்காலத் தட்டுகள் யாவும் ஒரே வேகத்தில் பதியப்பெற்றவை அல்ல. பதிந்த வேகத்தினும் மெல்லச் சுழற்றினால் ஒலி முழுவதும் தாழ்ந்துவிடும். அவன் வேகத்தைச் சிறிது கூட்டினான். குரல் இயல்பாயிற்று, கிதாரின் தாழொலியும் மேலேறி ஆறாந்தந்தியிலேயே வந்து அமர்ந்தது.

எனக்கு நாணமாயிற்று. ஒருவர் பெயரை மறந்தது காசா எடிசன் காலத்தார் பிழை. அவர் உழைப்பை மற்றொருவர் கணக்கில் எழுத முற்பட்டது என் பிழையன்றோ? டூட்டேயின் பெயரை அடித்துவிட்டு, "கிதார் ஒன்று, தந்தி ஆறு, தாளம் தவறாத விரல்" என்று எழுதினேன். பிறகு இருவரும் அத்தட்டை முதலிலிருந்து மீண்டும் கேட்டோம்.