குதிரை ஏறிய முட்டை

தலைப்பைப் பார்த்துட்டு குதிரைக்கறிப் பதிவுன்னு யாரும் பதற வேண்டாம். குதிரை இதுல எங்கேயுமே கிடையாது. கொலம்பியாவுல 'பிஸ்தெக் அ கபாயோ'ன்னு ஒரு சாப்பாடு. கபாயோன்னா குதிரை. மெலிசா வெட்டி வாட்டின மாட்டுக்கறி, அது மேல தக்காளியும் வெங்காயமும் வதக்கின ஒரு சாறு, அதுக்கும் மேல ஒரு ஆஃப் பாயில். முட்டை கறி மேல ஏறி சவாரி போகுதாம், அதான் அந்தப் பேரு. பிஸ்தெக்குங்கறது வேற ஒண்ணுமில்லை, பீஃப் ஸ்டேக்தான் ஸ்பானிஷ்காரங்க வாயில பூந்து வெளிய வந்திருக்கு. பிரேசில், அர்ஜென்டினாவுலயும் முட்டை இப்படி குதிரை ஏறும். ஆனா அந்த தக்காளி வெங்காய சமாச்சாரம் இருக்கே, அதுக்குப் பேரு ஓகாவ். அது இருந்தாத்தான் கொலம்பியா.

டிஸ்கி: சைவப் பதிவர்கள் முட்டையோட நிறுத்திக்கலாம். ஓகாவை சோத்துல பிசைஞ்சு சாப்பிட்டாலும் தேவாமிர்தம்தான் :-)

நான் குடியிருக்கறது பொகோட்டாவுல, தெயுசாகியோங்கற பழைய ஏரியாவுல ஒரு செங்கல் வீட்டு மாடி. கீழ ஹவுஸ் ஓனர் அம்மா. 76 வயசு, தனியா இருக்காங்க. பக்கத்து மாகாணமான போயகாவுல பிறந்தவங்க. என்னைக் கூப்பிடறது 'சுமெர்செ'ன்னு. கிட்டத்தட்ட நம்ம 'தாங்கள்' மாதிரி. கேஸ் சிலிண்டர் கொண்டு வர்ற பையனும் சுமெர்செ, தூதரே வந்தாலும் சுமெர்செதான். முதல் மாசம் ஸ்பானிஷும் தெரியாம, அந்த உயரமும் ஒத்துக்காம தலைவலியோட நான் படுத்துக்கிடந்தப்ப, மாடிப்படி ஏறி வந்து ஒரு தட்டை நீட்டினாங்க. அதுல இருந்ததுதான் இந்தக் குதிரை. அதுவரைக்கும் மாட்டுக்கறி சாப்பிட்டதில்லை. எங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது. அன்னிக்கு ரெண்டு நிமிஷம் தட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மஞ்சக்கரு வழிஞ்சு சோத்துல இறங்க ஆரம்பிச்சது. அதுக்கு மேல யோசிக்கலை. (ஊருக்குப் போன் பண்ணறப்ப 'கறி'ன்னு மட்டும் சொல்லுவேன். அம்மாவும் என்ன கறின்னு இதுவரைக்கும் கேட்டதில்லை.)

போன மாசம் அந்தம்மா வாசப்படியில வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டுல எலும்பு முறிஞ்சு போச்சு. மாவுக்கட்டு. மெதெயின்ல இருக்கற மக தினமும் போன். மாடிப்படியில நின்னா எல்லாம் கேக்கும், ஒட்டுக்கேட்டேன்னு வெச்சுக்குங்களேன். "போதும்மா, வீட்டை வித்துட்டு இங்க வந்துடு." அந்தம்மா பதிலே பேச மாட்டாங்க. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை அவ வர்றா. இந்த அடுப்படி இன்னும் நடக்குதுன்னு அவ பாக்கணும். நான் சொல்றேன், சுமெர்செ என் வலது கை"ன்னாங்க. எனக்கும் சுயநலம் உண்டு. வீடு போனா என் ரூமும் போச்சு.

நமக்கென்ன, தக்காளி தொக்கு வைக்கத் தெரியாதான்னு ஒரு தெனாவெட்டு. சனிக்கிழமை ஒத்திகையை நானா பண்ணிப் பார்க்கறேன்னு அவங்களை டிவி முன்னாடி உட்கார வெச்சுட்டேன். வெங்காயத்தைப் பொன்னிறமா வதக்கி, தக்காளியைப் போட்டு எண்ணெய் பிரியற வரைக்கும் சுண்ட வெச்சு, சும்மா இருக்காம கொஞ்சம் மிளகாய்ப்பொடி வேற. கறியை அதுலயே போட்டு மூடி அரை மணி நேரம். வந்தது செருப்புத்தோல்.

அந்தம்மா ஒரு வாய் வெச்சுட்டு ரொம்ப மரியாதையா, "நல்லாருக்கு. ஆனா தக்காளி எங்க போச்சு?"ன்னு கேட்டாங்க.

அப்புறம்தான் பாடம். பொகோட்டா 2,600 மீட்டர் உயரம். இங்க தண்ணி 100 டிகிரி வரைக்கும் போகாது, 91, 92லயே கொதிச்சுடும். அதனால கொதிக்கற குழம்புல கறி வேக நேரம் பிடிக்கும். இங்க பீன்ஸ் வேகவைக்க வீட்டுக்கு வீடு குக்கர் உண்டு. அதுக்கு இவங்க பேரு 'பித்தாதோரா', அதாவது விசிலடிக்கறவ! ஆனா காய்ஞ்ச வாணலிக்கு உயரம் எல்லாம் தெரியாது, எண்ணெய் எங்கயும் ஒரே சூடுதான் ஏறும். கறியை அரை மணி நேரம் வேக வெச்சா அது ரெண்டுங்கெட்டான். ஒண்ணு குக்கர்ல போட்டுக் குழைய விடணும், இல்லை மெலிசா தட்டி நிமிஷத்துல எடுத்துடணும். குதிரை ரெண்டாவது ஜாதி.

ஞாயிறு காலையில பலோகேமாவ் மார்க்கெட்டுக்கு நடந்தே போனேன். ஞாயிறானா காலை 7லேருந்து மதியம் 2 வரைக்கும் பெரிய ரோடெல்லாம் சைக்கிளுக்கு விட்டுடுவாங்க, 1974ல ஆரம்பிச்ச பழக்கம். நடு ரோட்டுல பையை ஆட்டிக்கிட்டு போற சுகமே தனி. கசாப்புக் கடையில 'சாட்டா', அதாவது முதுகுப் பக்கத்துக் கறி, நாருக்குக் குறுக்கால விரல் கனத்துக்கும் குறைவா வெட்டித் தரச் சொன்னேன். அப்புறம் நீள வெங்காயம். நம்ம வெங்காயத்தாள் மாதிரி, ஆனா தண்டு பெருவிரல் பருமன். போயகாவுல தோத்தா ஏரிக்கரை முழுக்க இந்தப் பயிர்தான். அந்தம்மா கண்ணாடியை மேல தூக்கிட்டு ஒவ்வொரு தண்டையும் மோந்து பார்த்து, எங்க ஊரு வெங்காயம்தான்னு பாஸ் போட்டாங்க.

கறியை மரச் சுத்தியால தட்டி, நசுக்கின பூண்டு, உப்பு, சீரகப்பொடி தடவி ஒரு மணி நேரம் ஊற விட்டோம். ஆமா, சீரகம் இங்கயும் ராஜாதான். வாணலி புகையற நேரத்துல ஒரு பக்கம் ரெண்டு நிமிஷம், மறுபக்கம் ஒரு நிமிஷம், அவ்வளவுதான், எடுத்துத் தட்டுல மூடி வெச்சாச்சு. அதே வாணலியில தீயைக் குறைச்சு, நாலு தண்டு வெங்காயத்தை வெள்ளையும் பச்சையுமா அரிஞ்சு போட்டேன். அந்தம்மா ஸ்டூல் போட்டு பக்கத்துலயே உட்கார்ந்து, "நிறம் மாறக்கூடாது, நிறம் மாறக்கூடாது"ன்னு ஜபம். வெங்காயம் துவண்டதும் தோல் உரிச்சுப் பொடியா அரிஞ்ச நாலு தக்காளி, ஒரு பல் பூண்டு, உப்பு, ஒரு சிட்டிகை சீரகப்பொடி. பத்துப் பதினஞ்சு நிமிஷம். எண்ணெய் பிரிய விடற நம்ம கை பரபரக்குது, இவங்க இடது கையால என் கரண்டியைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. சாறு சாறா இருக்கணுமாம். கறியைத் திருப்பி உள்ள விட்டு ரெண்டு நிமிஷம், முடிஞ்சது. மிளகாய் வேணும்கறவனுக்கு 'அஹி'ன்னு ஒரு காரச் சட்னி தனிக் கிண்ணத்துல இருக்கு, இஷ்டம்னா ஊத்திக்கலாம். மேல மாடிக்காரனைத் தவிர யாரும் தொடறதில்லை.

மூணு முட்டையில ஒண்ணு உடைஞ்சது. அது என் தட்டுக்கு.

மக வந்தாச்சு. வெள்ளைச் சோறு, தோலோட பொரிச்ச குட்டி மஞ்ச உருளைக்கிழங்கு, அவகாடோ துண்டு, நடுவுல குதிரை. அந்தம்மா லிப்ஸ்டிக் போட்டு, மேசைத் தலைமாட்டுல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாங்க. மக அடுப்படியைச் சுத்திப் பார்த்தாங்க, தட்டைப் பார்த்தாங்க, முகத்துல ஒரு சிரிப்பு கூட வந்தது. சரி, ஜெயிச்சாச்சுன்னு நினைச்சேன்.

அப்பதான் அந்தம்மா இடது கையில ஃபோர்க்கை எடுத்தாங்க. கத்தி தட்டு பக்கத்துல அப்படியே கிடந்தது. மாவுக்கட்டுல இருந்து வெளிய தெரியற விரல்நுனிகளால அதைப் பிடிக்கப் பார்த்தாங்க. நழுவிடுச்சு. திரும்பவும் ஒரு தடவை.

ரெண்டு நாளா கறி, வெங்காயம், உப்பு, அடுப்புன்னு அத்தனையும் யோசிச்ச எங்க ரெண்டு பேருக்கும் இது தோணவே இல்லைங்க. ஒத்தைக் கையால பிஸ்தெக் வெட்ட முடியாது. உள்ளயே வெட்டிக் கொண்டு வந்திருக்கலாம். எனக்கு முகமெல்லாம் சூடாயிடுச்சு.

மக ஒண்ணும் பேசலை. அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து, முட்டையை அலுங்காம ஒதுக்கி, கறியைச் சின்னச் சின்னதா வெட்டி, முட்டையைத் திரும்ப மேல ஏத்தி வெச்சு, தள்ளினாங்க. அந்தம்மா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தாங்க. அப்புறம் ஃபோர்க்கால மஞ்சக்கருவைக் குத்தி விட்டுட்டு, "சாப்பிடுங்க, ஆறிடும்"னாங்க.

வீட்டைப் பத்தி அன்னிக்கு யாரும் பேசலை. சாயங்காலம் பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தேன், மக வந்து நின்னாங்க. "ஓகாவுல சீரகம் எவ்வளவு?" மூணு விரலைக் குவிச்சுக் காட்டினேன். போன்ல குறிச்சுக்கிட்டாங்க. "எனக்கு அம்மா இதைச் சொல்லிக் குடுத்ததே இல்லை"ன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. ஸ்பானிஷ் நல்லா வந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது.

கட்டுப் பிரிக்க இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. மக அடுத்த ஞாயிறும் வர்றாங்களாம். அஹியாகோ பண்ணலாம்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. கோழியும் மூணு வகை உருளைக்கிழங்கும் போட்டுக் காய்ச்சற சூப். கத்தி தேவையில்லை, ஸ்பூன் போதும்.