மூட்டை நனைந்தது, கடை திறந்தே கிடந்தது!

சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் இடம் சீவலப்பேரி. நெல்லும் வாழையும்தான் இங்கே பிழைப்பு. இரண்டு ஏக்கரில் காருக்கு அம்பை 16 நெல் போடும் ஒரு விவசாயியும், கம்ப்யூட்டர் படித்த அவர் மகளும் சேர்ந்து ஆன்லைனில் அரிசிக் கடை நடத்துகிறார்கள். கூரையும் கதவும் இல்லாத கடை. 2023 டிசம்பரில் அதுவே தலைவலியாகிவிட்டது.

முதலில் வாட்ஸ்அப்பில்தான் விற்றார்கள். வீடுகள் கூடக்கூட, ஒரே சிப்பத்தை இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டு முழிக்க வேண்டியிருந்தது. "சொந்தமா ஒரு கடை போட்டுருவோம்ப்பா" என்றாள் மகள். "கடைன்னா அட்வான்ஸ், வாடகை எல்லாம் வேணுமேட்டி?" என்றார் அப்பா. வாடகை உண்டுதான். ஆனால், மாதம் சில நூறு ரூபாய். எங்கோ ஒரு நகரத்தில் இரவும் பகலும் ஓடும் கம்ப்யூட்டரில் கொஞ்சம் இடம். அதைத்தான் சர்வர் என்கிறார்கள்.

அந்தச் சர்வருக்குத் திரையும் கிடையாது, மவுஸும் கிடையாது. வீட்டு லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து, ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியாகத் தட்டி அனுப்ப வேண்டும். பாஸ்வேர்டு தட்டினால் ஒரு புள்ளிகூடத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "கீபோர்டு ரிப்பேரா?" என்று கேட்டார். பிறர் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

தொளி அடிக்காமல் நாற்று நட முடியாது. இதற்கும் வரிசை உண்டு. சர்வரில் இருந்தது உபுண்டு. முதலில் அதைப் புதுப்பித்தாள். அடுத்து, வருகிறவர்களுக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ். கணக்குப் புத்தகமாக மரியாடிபி. இரண்டுக்கும் நடுவில் வேலை பார்க்க பிஎச்பி. அதற்கு மேல் வேர்ட்பிரஸ், கடைசியாக ஊகாமர்ஸ். இத்தனையும் இலவச மென்பொருள்கள். பூட்டுக் குறி போட்ட பாதுகாப்புச் சான்றையும் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. 90 நாளுக்கு ஒருமுறை அது காலாவதியாகும் என்பதால், தானே புதுப்பித்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டாள்.

கடை திறந்தது. அரிசிப் படம் மட்டும் ஏறவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையைக் குடைந்தபின் காரணம் பிடிபட்டது. படம் வைக்கும் ஃபோல்டர் மகளின் பெயரில் இருந்தது. கடை மென்பொருளுக்கு அதில் எழுத உரிமை இல்லை. "பட்டா ஒருத்தர் பேர்ல, உழவு இன்னொருத்தரா? வில்லங்கம் வரத்தானே செய்யும்" என்று சிரித்தார் அப்பா. உரிமையை மாற்ற ஒரு வரி போதுமானதாக இருந்தது.

டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் இரண்டு ஆறும் கரை மீறின. பிசான நடவு மூழ்கியது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கார் அறுப்பில் அரைத்து வைத்த அரிசி நனைந்தது. லேப்டாப்பும் போயிற்று. கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. மூன்றாம் நாள் பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன பிறகுதான் மகளின் செல்போன் உயிர் பெற்றது. பார்த்தால், ஆர்டர்கள் வந்து கிடக்கின்றன! ஆறு தொட முடியாத தூரத்தில் இருந்த சர்வர், இல்லாத அரிசிக்கு மூன்று நாளாகப் பணம் வாங்கிக்கொண்டிருந்தது.

சிக்னல் விட்டு விட்டு வந்ததால் கடையின் நிர்வாகப் பக்கம் பாதியிலேயே நின்றது. ஆனால், சர்வரின் சாவியை அவள் செல்போனிலும் வைத்திருந்தாள். கறுப்புத் திரைக்கு எழுத்து மட்டும்தான் போய் வர வேண்டும். மெதுவான சிக்னலே போதும். கடையில் இருந்ததே மூன்று சரக்கு. மூன்று வரிகள் தட்டினாள். மூன்றும் 'இருப்பு இல்லை' ஆயின.

பிறகு ஒவ்வொருவருக்கும் போன் போட்டார்கள். "பணம் இருக்கட்டும் அண்ணாச்சி, அடுத்த அறுப்புக்கு அனுப்புங்க" என்றார்கள் சிலர். அவர் சம்மதிக்கவில்லை. "விளையாத நெல்லுக்குக் காசு வாங்கக் கூடாதும்மா" என்று அத்தனை பேருக்கும் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். அடுத்த கார் அரிசிக்கு முதலில் ஆர்டர் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

இப்போது மூன்று பழக்கங்கள் வைத்திருக்கிறார்கள். கடைக் கணக்கின் நகல் தினமும் ராத்திரி வேறு இடத்தில் சேர்கிறது. சர்வர் சாவி ஒன்று சென்னையில் இருக்கும் மருமகனிடம் இருக்கிறது. மழை எச்சரிக்கை வந்தால், மூட்டையை மேட்டில் ஏற்றுவதற்கு முன்பே கடையை மூடிவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் இது தேவையா? பத்து இருபது வீட்டுக்கு விற்பவர்களுக்கு வாட்ஸ்அப்பும் ஒரு நோட்டுமே போதும். அதற்கு மேல் போகும்போது, கறுப்புத் திரைக்குப் பயப்பட வேண்டாம். சர்வரை மாதா மாதம் கவனிக்க வீட்டில் ஓர் ஆள் உண்டா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கடையைத் திறக்கக் கற்றுக்கொள்ளும்போதே மூடவும் கற்றுக்கொள்ளுங்கள்.