முப்பது வயது வரை



இது ஒரு பாடகரைப் பற்றிய கட்டுரை. ஆனாலும் சங்கீதம் தெரிந்தவர்கள்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. எனக்கே சங்கீதம் தெரியாது. தோட்டத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கிராணியாக இருந்து, பால் கணக்கும் ஆள் கணக்கும் எழுதி ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளைப் பெற்றவர்கள் படிக்க வேண்டும் என்பதே என் ஆசை.

1990இல் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி இத்தாலியில் நடந்தது நினைவிருக்கும். இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், ஜூலை 7ஆம் தேதி, ரோமாபுரியில் காரகல்லா என்னும் பழங்காலக் குளியல் மண்டபத்தின் இடிபாடுகளுக்கு நடுவே மூன்று பெரும் பாடகர்கள் ஒரே மேடையில் பாடினார்கள். அந்த ஒலிநாடா உலகெங்கும் விற்றது. பக்கத்து வீட்டு இளைஞர் ஒன்று வாங்கி வந்து ஒருநாள் மாலை போட்டார். மூவரில் ஒருவரின் குரல் சுவரைத் தாண்டி வந்து என்னை நிறுத்தியது. ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு போய், "யார் தம்பி இவர்?" என்று கேட்டேன். அட்டைப் படத்தில் தாடி வைத்த பருத்த மனிதரைக் காட்டினார். அவர்தான் லூசியானோ பாவரோட்டி.

அவர் பாடியது ஓபரா என்னும் இசை நாடகம். அதில் கதை முழுவதும் பாட்டாகவே நடக்கும். ஆண் குரல்களில் உயர்ந்து ஒலிப்பதை டெனர் என்பார்கள். கதாநாயகன் பெரும்பாலும் டெனர்தான். ஒலிபெருக்கி கிடையாது. கீழே பெரிய வாத்தியக் குழு முழங்க, அதைக் கடந்து கடைசி வரிசை வரைக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஏறக்குறைய 3,800 பேர் அமரலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

2007இல் பாவரோட்டி காலமானபோது வந்த செய்திகளில்தான் அவருடைய வரலாற்றைப் படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

1935 அக்டோபர் 12ஆம் தேதி, வட இத்தாலியில் மொடேனா நகரத்தில் பிறந்தவர் அவர். தந்தை பெர்னாண்டோ ரொட்டி சுடும் தொழிலாளி. தாயார் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இரண்டே அறை கொண்ட வீடு. நம் லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த நெருக்கடியை விளக்க வேண்டியதில்லை. தந்தைக்கும் அருமையான டெனர் குரல் இருந்தது. ஆனால் மேடை என்றால் அவருக்குப் பயம். அதனால் பாட்டைத் தொழிலாகக் கொள்ளாமல் ரொட்டி அடுப்போடு நின்றுவிட்டார். தேவாலயத்திலும் ஊர்ப் பாடகர் குழுவிலும் பாடியதோடு சரி.

மகனுக்குக் காற்பந்தில் ஆசை. தாயார் சொற்படி ஆசிரியர் பயிற்சி பெற்று, இரண்டு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தினார். பிறகு, பாடகனாகத்தான் ஆவேன் என்றார். தந்தை தயங்கினார். குரல் இருந்தும் அந்த வழியில் போகாதவர் அல்லவா? கடைசியில் வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. முப்பது வயது வரை சோறும் படுக்க இடமும் வீட்டில் உண்டு. அதற்குள் முன்னுக்கு வராவிட்டால் எந்த வேலையானாலும் செய்து தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாசகர்களே, என் தூக்கத்தைக் கெடுத்தது இந்த ஒப்பந்தம்தான்.

பத்தொன்பது வயதில் அவர் முறையாகப் பயிற்சி தொடங்கினார். ஆர்ரிகோ போலா என்ற பாடகர், குடும்ப நிலைமை அறிந்து, சம்பளம் வாங்காமலே கற்றுக் கொடுத்தார். 1955இல் மொடேனா பாடகர் குழு வேல்ஸ் நாட்டில் லங்கோலன் என்னும் ஊருக்குப் போய், அனைத்துலகப் போட்டியில் முதற்பரிசு வென்றது. அந்தக் குழுவில் தந்தையும் மகனும் சேர்ந்தே பாடினார்கள்.

அதற்குப் பிறகுதான் சோதனைக் காலம். ஆறு ஆண்டுப் பயிற்சிக்குப் பலனாகக் கிடைத்தவை சிற்றூர்களில் காசில்லாத சில கச்சேரிகள். வயிற்றுப்பாட்டுக்காக இன்சூரன்ஸ் விற்றார். குரல்நாணில் ஒரு சிறு கட்டி வேறு வந்தது. பெராரா நகரில் ஒரு கச்சேரி படுமோசமாகப் போகவே, பாட்டையே விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அந்த முடிவுக்குப் பிறகு கட்டி தானாகவே மறைந்தது! மனப்பாரம் இறங்கியதுதான் காரணம் என்று அவரே பிற்காலத்தில் நம்பினார்.

1961 ஏப்ரல் 29ஆம் தேதி ரெஜ்ஜியோ எமிலியா நகரில், புச்சினியின் 'லா போஹேம்' நாடகத்தில் ரொடால்போ என்னும் ஏழைக் கவிஞனாக மேடை ஏறினார். அப்போது வயது இருபத்தைந்து. ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு ஆண்டுக்கு மேல் மீதி இருந்தது.

1963இல் லண்டன் கோவன்ட் கார்டனில் புகழ்பெற்ற டி ஸ்டெபானோ பாட முடியாமல் போக, இவர் அந்த இடத்தில் பாடினார். 1965இல் மியாமியில் இன்னொரு பாடகர் நோயுற்றபோது, ஆஸ்திரேலியப் பாடகி ஜோன் சதர்லண்ட் இவரைச் சிபாரிசு செய்தார். அதே ஆண்டு அந்த அம்மையாரோடு ஆஸ்திரேலியா முழுவதும் சுற்றிப் பாடினார். மூச்சை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்பதை அவருடைய விலாவில் கை வைத்துப் பார்த்தே கற்றுக்கொண்டாராம். 1972 பிப்ரவரி 17ஆம் தேதி நியூயார்க்கில், ஒரே பாட்டில் ஒன்பது முறை உச்ச ஸ்தாயியைத் தொட்டார். ரசிகர்கள் அவரைப் பதினேழு முறை திரைக்கு முன்னால் வரவழைத்தார்கள். எல்லாம் வெற்றியும் அல்ல. 1992இல் மிலான் லா ஸ்காலா அரங்கில் குரல் பிசகியபோது சொந்த நாட்டு மக்களே கூச்சலிட்டார்கள். அதையும் தாங்கிக்கொண்டு பாடினார். 2004 மார்ச்சில் நியூயார்க்கில் 'டோஸ்கா'வோடு ஓபரா மேடைக்கு விடை சொன்னார்.

இனி என் கதை. என் மூத்த மகனுக்கு நல்ல குரல். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அவன் பாடினால், தண்டல் முதல் துரை பங்களாச் சமையற்காரர் வரை நின்று கேட்பார்கள். 1984இல், பத்தொன்பது வயதில், "அப்பா, இரண்டு வருஷம் தமிழ்நாட்டுக்குப் போய்ச் சங்கீதம் படித்து வருகிறேன்" என்று கேட்டான். "பாட்டு சோறு போடுமா?" என்றேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. வேலைக்குப் போனான், நல்ல நிலைக்கு வந்தான், இதுநாள் வரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் அன்று முதல் வீட்டில் பாடியதே இல்லை.

ஒப்பந்தம் போடும் பிள்ளைகளெல்லாம் பாவரோட்டி ஆகிவிட மாட்டார்கள். அது எனக்கும் தெரியும். நான் என் மகனுக்கு 'சரி' என்று சொல்லியிருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. எத்தனை வருஷம், எவ்வளவு செலவு, நடக்காவிட்டால் என்ன செய்வாய் என்று உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம். அந்த ரொட்டிக் கடைத் தொழிலாளிக்குத் தோன்றியது, கணக்கெழுதும் எனக்குத் தோன்றவில்லை. உங்கள் பிள்ளை இப்படி ஒன்றைக் கேட்டால், மறுப்பதற்கு முன் ஒரு கெடுவாவது கொடுத்துப் பாருங்கள்.

2007 செப்டம்பர் 8ஆம் தேதி மொடேனா தேவாலயத்தில் பாவரோட்டியின் இறுதிச் சடங்கு நடந்தது. அங்கே ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டார்கள். தந்தையும் மகனும் சேர்ந்து பாடிய பக்திப் பாடல் அது. கூடியிருந்தோர் எழுந்து நின்று கை தட்டினார்களாம்.

எனக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. என் மகனும் ஓய்வு பெற்றுவிட்டான். வரும் தீபாவளிக்கு வருவான். ஒரு பாட்டுப் பாடப்பா என்று கேட்க வேண்டும். வாய் வருமா என்று தெரியவில்லை. அதற்குள் இந்தப் பக்கம் அவன் கண்ணில் பட்டால் நல்லது.