கடலைப் பார்க்காத வீடு

போன மாதம் தோழி ஒருத்தி ஜெர்மனியிலிருந்து படங்கள் அனுப்பினாள். பால்டிக் கரையில் ஹைலிகன்டாம் என்ற ஊர். 1793இல், பிரபுக்கள் கடலில் குளித்து உடம்பைத் தேற்றிக்கொள்ள உருவானதாம். வெள்ளை வெளேரென்று கட்டடங்கள், எல்லாம் கடலைப் பார்த்தபடி. "உங்க காயல்பட்டினமும் கடற்கரைதானே, வீட்டு மாடியில நின்னா கடல் தெரியுமா?" என்று கேட்டிருந்தாள்.

தெரியாது. எங்கள் வீடு தெருவைக்கூட ஒழுங்காகப் பார்க்காது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீள வீடு. முன்னால் திண்ணை, ஆண்களுக்கு. பின்கட்டும் பக்கத்து முடுக்கும் பெண்களுக்கு. தெருவில் கால் வைக்காமலே உம்மா நாலு வீடு தாண்டிப் போய் வருவாள். கல்லூரி நாட்களில் இதைச் சிறை என்று எழுதியிருக்கிறேன். பாதி சரிதான், இப்போதும்.

கடலை நம்பிப் பிழைத்த ஊர்கள் இந்தப் பக்கத்தவை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதிய 'காயில்' துறைமுகத்துக்கு ஹொர்முஸ், ஏடனிலிருந்தெல்லாம் குதிரைக் கப்பல்கள் வந்தன. அது வடக்கே இருக்கும் பழையகாயல் என்பார் கால்டுவெல். அங்கே சீனப் பீங்கான் துண்டுகளைப் பொறுக்கியவர் அவர். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கடல் விலகிப்போனது. கொற்கைக்கும் அதே கதிதான். துறைமுகம் போனாலும் பிரயாணம் நிற்கவில்லை. எங்கள் ஆண்கள் கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போனார்கள், வருஷக்கணக்கில். வீடு பெண்களுடையது. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கடலைப் பார்த்து வீடு கட்டுகிறவர்கள் ஓய்வெடுக்க வந்தவர்கள். கடலுக்கு ஆளை அனுப்பிவிட்டு இருப்பவர்களுக்கு ஜன்னலைவிட பக்கத்து வீட்டுக் கதவு முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் முன்பாதி உம்மாவுக்கு, பின்பாதி சாச்சிக்கு. நடுவில் கதவில்லாத ஒரு வாசல். சாச்சி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அவளுக்கென்று தனி வீடு வேணும். சாச்சி கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. போன வெள்ளிக்கிழமை கொத்தனார் வந்து தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோடு அந்த வாசலைச் சேர்த்து ஓடியது.

அஸருக்குப் பிறகு இரண்டு பேரும் கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒருத்தி, அந்தப்பக்கம் ஒருத்தியாக உட்கார்ந்து பயறு புடைத்தார்கள். வெகுநேரம் பேச்சே இல்லை.

"கதவு ஒன்னு வச்சிருவோமா?" என்றாள் உம்மா.

"வைக்கலாமே" என்றாள் சாச்சி. முறத்தை ஒரு தட்டு தட்டிவிட்டுக் கேட்டாள்: "தாழ்ப்பாள் யார் பக்கம் ராத்தா?"